அச்சாகாத நாள்

அத்தியாயம் 9

"அக்கா, அவரு உயிரோடதான் இருக்காரு."

சில்வியா இதைச் சொன்னதும் இன்னாசிமேரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். ஒரு வாரமாகப் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் அலைந்து, உப்பளத்து வாய்க்கால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, எங்கே பிணம் மிதக்குமோ என்று பயந்து திரிந்தவளுக்கு வேறென்ன வரும்?

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"யாரையும் நம்பாதன்னு சொல்லிட்டுப் போனாருக்கா. நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க எங்கம்மா வூட்டுப் பங்குக் கோயில்காரங்க. சின்ன வயசுலேருந்து கோயில்ல பாக்குறேன். உங்ககிட்டயும் மறைச்சா அப்புறம் யாருகிட்டதான் சொல்றது?"

சில்வியாவின் கணவன் மேத்யூ, 'அலைமணி' நாளிதழின் மரக்காணம் நிருபர். சடகோபன் கம்பெனி உப்பளத்தில் வேலை பார்த்த சின்னப்பாப்பா என்ற பெண், மோட்டார் வயர் அறுந்து கிடந்த பாத்தியில் கால் வைத்துத் துடித்துச் செத்தாள். மாரடைப்பு என்று சொல்லி, கம்பெனியே விறகு வாங்கிக் கொடுத்து அன்றைக்கே எரித்துவிட்டது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த மங்கம்மா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். மேத்யூ அதை வீடியோ எடுத்துக்கொண்டு, செய்தியை எழுதி ஆசிரியருக்கு அனுப்பினான். காலையில் பேப்பரில் செய்தி வரவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். கொல்லைப்புறமாக ஓடியவன் இன்னும் திரும்பவில்லை.

மங்கம்மா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. வீடியோ மேத்யூவின் போனில் மட்டும்தான் இருக்கிறது. அவனைச் சடகோபனின் ஆட்கள் பிடித்தால் சின்னப்பாப்பா செத்தது மாரடைப்பால்தான். மேத்யூவுக்கு என்ன வியாதி வரும் என்பதை அவர்கள் பிறகு முடிவு செய்வார்கள்.

"எங்க இருக்கான்?"

"தெரியாதுக்கா. யாரு போன்லேருந்தோ ஒரு தடவ பேசினாரு. கோட்டக்குப்பம் பஷீர் பாய்கிட்ட ஒரு பழைய பேப்பர் கேட்டிருக்காராம். அது மட்டும் உறுதியாயிட்டா எல்லாத்தையும் போட்டு ஒடச்சிடுவேன்னாரு. அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

வாசலில் சுவரில் சாய்ந்து நின்றிருந்த அதீப் தொண்டையைச் செருமினான். "பேப்பர்காரன் ஒளிஞ்சிருந்தும் பேப்பர்தான் கேக்குறான். நான் ஒளிஞ்சா மொதல்ல பிரியாணி கேப்பேன்."

"நீ ஒளிஞ்சா யாருடா தேடப் போறாங்க? வண்டிய எடு," என்றாள் இன்னாசிமேரி.

*

இன்னாசிமேரி புதுச்சேரி போலீசில் ஏட்டாக இருந்தவள். மேலதிகாரி ஒருவரிடம் சொல்லக் கூடாத உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டு, அவர் முகம் மாறும்போதே ராஜினாமா எழுதியவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறாள். அதீப் அவளுடைய உதவியாளன், டிரைவர், சில மாதங்களில் சம்பளமே கேட்காத உத்தமன். கோட்டக்குப்பத்துக்காரன். துபாயில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். துபாயை அவன் விட்டானா, துபாய் அவனை விட்டதா என்பது இன்னும் துப்பு துலங்காத வழக்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் கொளுத்தியது. இடது பக்கம் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சின்னப்பாப்பா செத்த பாத்தியிலும் யாரோ வாரிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது இன்னாசிமேரிக்கு நெஞ்சு கசந்தது.

"மேடம், ஒரு வாரமா இந்த 'அலைமணி'ய வாங்கிப் படிக்கிறேன்," என்றான் அதீப். "ஒரு நகைக்கட வெளம்பரம் இல்ல. ஜவுளிக்கட இல்ல. கவர்மெண்டு டெண்டர் இல்ல. ராசிபலன்கூட எனக்கு ஒரு நாளும் நல்லதாப் போடல. இத எப்படி நடத்துறாங்க?"

"தனகோடி சார் சொந்தப் பணத்துல நடத்துறாரு. கொள்கைக்காரரு. நெலத்த வித்துப் போடுறாராம்."

"இத்தினி வருஷமா விக்கிறதுக்கு நெலம் இருந்துச்சுன்னா அது நெலம் இல்ல மேடம், தாலுகா."

"வாய மூடு. கடைசிப் பக்கத்துல அடியில பாரு. ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர், எல்லாம் அவரு பேருதான்."

"எங்க மச்சான் பேர்லயும்தான் நாலு வூடு இருக்குது. அவன் குடியிருக்கறது வாடக வூட்ல."

இந்த இடத்தில் இன்னாசிமேரி கொஞ்சம் யோசித்திருக்கலாம். சிரித்துவிட்டாள்.

யோசிக்காததற்குக் காரணம் இருந்தது. மேத்யூவைக் கண்டுபிடித்துத் தரும்படி அவளை அமர்த்தியவரே 'அலைமணி' ஆசிரியர் தனகோடிதான். தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் சின்னதாகத் திருநீறு, பேசும்போதே கண் கலங்கும் மனிதர். "எங்க ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் வெல போயிட்டான் மேடம். அதான் செய்தி எனக்கு வந்த அன்னிக்கே அவங்களுக்கும் போயிருக்கு. மேத்யூ எனக்குப் புள்ள மாதிரி. அவனுங்க கையில மாட்டுறதுக்கு முன்னாடி என் கையில குடுத்துடுங்க. என் பேரு மட்டும் எங்கயும் வர வேணாம்," என்று கும்பிட்டார். தன்னை அமர்த்திய கட்சிக்காரரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது இன்னாசிமேரி தொழில் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருக்கும் விதி. சில்வியாவிடம்கூடச் சொல்லவில்லை.

*

பஷீர் அஹமது கோட்டக்குப்பத்தில் எல்லாப் பத்திரிகைக்கும் ஏஜென்ட். வீட்டின் முன்னறைதான் ஏஜென்சி. விற்காத பேப்பர் கட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அதீப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தவர், பின்னால் வந்த இன்னாசிமேரியைப் பார்த்ததும் சுருங்கினார்.

"சில்வியா போன் பண்ணுச்சும்மா. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பேப்பர் போடுறவன். பேப்பர்ல வர்ற ஆளு இல்ல."

"எந்தத் தேதி பேப்பர் கேட்டான்னு மட்டும் சொல்லுங்க பாய்."

"பிப்ரவரி பத்து. 'அலைமணி'."

"குடுத்தீங்களா?"

"எங்கேர்ந்து குடுக்கறது? அன்னிக்குப் பேப்பரே வரலியே!"

அதீப் நெற்றியைச் சுருக்கினான். "லீவா மாமு?"

"பொங்கலுக்கு லீவு, ஆயுத பூஜைக்கு லீவு, தீபாவளிக்கு லீவு. அதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பத்தாம் தேதி எந்தப் பண்டிக? விடிகாலையில வேனுக்காக நிக்கிறேன், நிக்கிறேன், வரல. போன் பண்ணா மிஷின் ரிப்பேர்ன்னாங்க. மத்த பேப்பர் எல்லாம் வந்துடுச்சு. இதுக்குன்னு இருக்கற டீக்கடைக்காரனுங்க என்னைத் திட்டின திட்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"மிஷின் ரிப்பேர் ஆவறது சகஜம்தானே?"

"என்னாம்மா பேசுறீங்க! புயல்ல ஊரே தண்ணியில மூழ்குனப்போ ரெண்டு பக்கத்துக்காவது அடிச்சு அனுப்புனவங்க அவங்க. மிஷின் நின்னா வேற பிரஸ்ல கொண்டுபோய் அடிப்பாங்க. பேப்பர் நிக்காது. அன்னிக்கு வானத்துல ஒரு மேகம் இல்ல, அப்பப் போய் நின்னுடுச்சு. மறுநாள் அத பத்தி ஒரு வரி வருத்தம்கூட போடல."

இன்னாசிமேரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யோசிக்கும்போது அவளுக்குக் கண்ணாடி எப்போதும் அழுக்காகத்தான் தெரியும். மேத்யூ தேடியது வந்த செய்தியை இல்லை, வராத பேப்பரை. எதற்கு?

"வரலைன்னு சொன்னதும் மேத்யூ என்னா சொன்னான்?"

"சிரிச்சான்மா. அப்பிடி ஒரு சிரிப்பு. 'அதான் பாய் எனக்கு வேணும். வரலைன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்'ன்னான். ஏன்னு கேட்டேன். தெரிஞ்சா உங்களுக்கும் ஆபத்துன்னுட்டான்."

"ஆக, நேர்ல பாத்தீங்க."

பஷீர் வாயை மூடிக்கொண்டார். மூடியது கொஞ்சம் தாமதம்தான். இன்னாசிமேரியின் பார்வை மேசைமேல் இருந்தது. அங்கே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சுருள். எல்லாத் தமிழ்ப் பேப்பரிலும் ஒவ்வொரு பிரதி, நடுவில் இரண்டு இங்கிலீஷ் பேப்பர்.

"இது யாருக்குப் பாய்?"

"சலூனுக்கு."

"சலூன்ல இங்கிலீஷ் பேப்பரா?" என்றான் அதீப். "நம்ம ஊர் சலூன்ல தமிழ்ப் பேப்பரையே மொகம் தொடைக்கத்தான் வெச்சிருக்காங்க மாமு."

"எல்லாப் பேப்பரையும் ஒண்ணு விடாம படிக்கிறவன் நிருபரு மட்டும்தான் பாய்," என்றாள் இன்னாசிமேரி. "மத்த ஊருக்கெல்லாம் பையன்கள் காலையிலயே போட்டுட்டாங்க. இத நீங்களே கொண்டுபோகப் போறீங்க. எங்க?"

பஷீர் தலையை ஆட்டினார். சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. கழுத்தை அறுத்தாலும் சொல்லாத ஆள். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து குழம்பு வாசனை வந்தது. இன்னாசிமேரி எழுந்து உள்வாசல் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள்.

"என்னா மீனும்மா? வாசன ஆள இழுக்குதே?"

பஷீரின் மனைவி சாயிரா முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். மனத்தில் இருந்ததைக் கொட்ட ஓர் ஆள் கிடைத்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"காரப்பொடிம்மா. தினமும் மீனுதான். ஒரு வாரமா வேற கறியே ஆக்கல. வூட்டுக்கு எதுக்க மார்க்கெட்டு இருக்குது, இந்த மனுஷன் ஸ்கூட்டர எடுத்துக்குனு அனுமந்தைக்குப் போயி வாங்கியாறாரு. கோட்டக்குப்பத்துக் கடல்ல மீனே இல்லாத மாதிரி!"

பஷீர் கண்களை மூடிக்கொண்டார்.

"மாமு, போலீஸ்ல அடிச்சுக் கேப்பாங்க. மாமி சும்மாவே சொல்லிட்டாங்க," என்றான் அதீப்.

பிறகு பஷீர் எதையும் மறைக்கவில்லை. அனுமந்தையில் முருகையன் என்ற மீனவர் வீடு. கடற்கரை ஓரமாக வலை வைக்கும் கொட்டகையில் மேத்யூ இருக்கிறான். "அவன் புள்ளகுட்டிக்காரன்மா. அவனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது," என்றார்.

"என் பொறுப்பு பாய். எங்களப் பாத்து ஓடிடப் போறான். முருகையனுக்கு ஒரு போன் போட்டு, இன்னாசிமேரின்னு ஒருத்தி வருவா, நம்பலாம்னு சொல்லிடுங்க."

பஷீர் அவள் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னார். இன்னாசிமேரி வாசலுக்கு வந்து தன் போனை எடுத்தாள். கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது கடமை. தவிர, ஒரு வாரமாகத் தினமும் "தெரியல சார், தேடுறோம் சார்" என்றே சொல்லிச் சலித்துப்போயிருந்தாள். ஒரு நல்ல செய்தியைச் சொல்ல நாக்கு துடித்தது.

"சார், கண்டுபிடிச்சிட்டோம். அனுமந்தை. முருகையன் வூட்டு வலக் கொட்டகையில இருக்கான். நாங்களே போய்க் கூட்டிட்டு வந்துடறோம். எங்கள நம்பலாம்னு பையனுக்கும் சொல்லி வெச்சாச்சு."

"கடவுளே!" என்றார் தனகோடி. சத்தியமாக அழுகிற குரல். "ரொம்பப் பெரிய உதவி மேடம். பதட்டப்படாம மெதுவாப் போங்க."

மெதுவாகப் போக ஏற்பாடும் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் சாயிராவிடம் இல்லை. தட்டை வைத்து உட்காரவைத்துவிட்டார். காரப்பொடிக் குழம்பு அவ்வளவு ருசி. அதீப் மூன்றாம் முறை சோறு கேட்டான். இன்னாசிமேரியும் கை கழுவ அவசரப்படவில்லை.

*

பொம்மையார்பாளையம் தாண்டியதும் பெட்ரோல் முள் தரையைத் தொட்டது. பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினான் அதீப். பணம் வாங்கும் கண்ணாடி அறையில், சீட்டுக்கு மேலே பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. தலை நரைத்த அம்மாள், மூக்கில் வைரப் பேசரி, கழுத்தில் சந்தன மாலை.

"இந்தம்மா பாக்குற பார்வைல எவன் மேடம் கள்ள நோட்டு குடுப்பான்?" என்று முணுமுணுத்தான் அதீப்.

இன்னாசிமேரி படத்தின் அடியில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆண்டாள் அம்மாள். தோற்றம் இன்ன நாள். மறைவு, பிப்ரவரி ஒன்பது. இந்த வருஷம்.

"யாருப்பா இவங்க?"

"எங்க மொதலாளியோட அம்மாங்க," என்றார் சீட்டில் இருந்தவர். "சடகோபன் மொதலாளி."

"இந்த பங்க் அவருதா?"

"இன்னாங்க இப்பிடிக் கேக்குறீங்க? இங்கேர்ந்து மரக்காணம் வரைக்கும் அவருதுதான். ஐஸ் கம்பெனி, எறாக் குஞ்சுக் கம்பெனி, உப்பளம்..."

"அம்மா தவறின அன்னிக்கு பங்க் தெறந்தீங்களா?"

"எங்கேர்ந்து? சேதி வந்ததும் கயிறு கட்டிட்டோம். இது மட்டும் இல்ல. அவரோட எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. எங்கம்மா ஊட்டுல கெடக்கறப்போ என் ஊட்டு அடுப்பு எரியாது, என் மோட்டாரு ஒண்ணும் ஓடக் கூடாதுன்னுட்டாரு. ஐஸ் கம்பெனில வெச்சிருந்த ஐஸெல்லாம் உருகி ரோட்டுல ஓடுச்சுங்க. மீன்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. ஒண்ணும் கேக்கல. மறுநாள் எடுத்தப்புறம்தான் சுவிட்சப் போட்டோம்."

இன்னாசிமேரி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும் வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். ஊர் வழக்கம்தான். ஆனால் அடுப்பு என்பதை ஐஸ் கம்பெனி வரைக்கும், உப்பளத்து மோட்டார் வரைக்கும் நீட்டியவன் சடகோபன் ஒருவன்தான்.

"மேடம், மீதி சில்லற..."

"வண்டில ஏறுடா."

"சில்லற..."

"ஏறுடா!"

வண்டி சாலையில் ஏறியதும் பேச ஆரம்பித்தாள்.

"ஒன்பதாந் தேதி அந்தம்மா செத்துச்சு. அன்னிக்கு ராத்திரி சடகோபனோட மிஷின் எல்லாம் நின்னுச்சு. பத்தாந் தேதி பேப்பர் எப்ப அடிப்பாங்க?"

"ஒன்பதாந் தேதி ராத்திரி." அதீப்பின் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. "பேப்பர் மிஷின் ஏன் நின்னுச்சு மேடம்? அது தனகோடி சாரோட மிஷின்தானே?"

"ஊர்ல எவனோட அம்மா செத்தாலும் தனகோடி மிஷினை நிறுத்த மாட்டாரு. முன்பக்கத்துல படம் போட்டு ரெண்டு காப்பி ஜாஸ்தியா அடிப்பாரு. அன்னிக்கு நின்னுச்சுன்னா, மிஷினுக்குச் சொந்தக்காரன் வூட்ல பொணம் கெடந்துருக்கு."

அதீப்பின் வாயில் ஒரு நக்கலும் வராததை இன்னாசிமேரி இன்றுதான் பார்க்கிறாள்.

"கடைசிப் பக்கத்துல சடகோபன் வேற பேரு போட்டான்," என்றாள். "ஆபீஸ்ல அம்மா படத்தக்கூட மாட்டல. வெளம்பரம் இல்லாம எப்படி ஓடுதுன்னு ஒருத்தனும் கேக்காத மாதிரி ஒரு நல்ல மனுஷன ஆசிரியரா ஒக்கார வெச்சான். எல்லாத்தையும் மறைச்சான்டா. அம்மா செத்த ராத்திரி மட்டும் அவனால தன் மிஷின ஓட விட முடியல. ஒரு நாள் பேப்பர் வரலைன்னா எவன் கவனிக்கப் போறான்னு நெனச்சான்."

"மேத்யூ கவனிச்சிட்டான்."

"கவனிக்கறதுக்கு முன்னாடியே செய்திய அனுப்பிட்டான். சின்னப்பாப்பாவக் கொன்னவன் வூட்டுக்கே அனுப்பிட்டான். ஆபீஸ்ல எவனும் வெல போகல. ஆபீஸே அவனுதுதான்."

"அப்ப..." அதீப் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நம்மள வேலைக்கு வெச்சது யாரு மேடம்?"

இன்னாசிமேரி தனகோடியின் எண்ணை அழுத்தினாள். குரலை மட்டும் எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. மேத்யூ அனுமந்தையில இல்ல. காலையிலயே வேளாங்கண்ணி பஸ் ஏறிட்டானாம். இப்பதான் தெரிஞ்சுது."

"அப்படியா மேடம்?" தனகோடி இப்போது அழவில்லை. "பரவால்ல. நம்ம பசங்க இறாக் குஞ்சுக் கம்பெனியிலதான் இருந்தாங்க, பக்கம்தானே. போய்ப் பாத்துட்டாங்க. நீங்க மொதல்ல சொன்னதுதான் சரியா இருந்துச்சு. வெயில்ல எதுக்கு அலையறீங்க? வூட்டுக்குப் போங்க."

லைன் துண்டித்தது. இன்னாசிமேரி உடனே பஷீருக்குப் போன் போட்டாள். பஷீர் முருகையனுக்குப் போட்டுப் பார்த்தார். முருகையன் எடுக்கவில்லை. அதீப் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். லாரிகள் ஒதுங்கின, ஆடுகள் ஒதுங்கின. இவ்வளவு நேரம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்து இன்னாசிமேரி தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள்.

*

முருகையன் வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. முருகையன் அதில் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்த அம்மாளைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்க. யாரு?"

"இன்னாசிமேரி. மேத்யூ எங்க?"

முருகையன் முகத்தில் சிரிப்பு. "அட, நீங்களே வந்துட்டீங்களா? உங்க ஆளுங்க இப்பதானே மேடம் கூட்டிட்டுப் போனாங்க!"

"என் ஆளுங்களா?"

"ரெண்டு பேரு வந்தாங்க. இன்னாசிமேரி மேடம் அனுப்பினாங்க, எஸ்.பி. ஆபீசுக்குப் பத்திரமாக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. பஷீர் பாய்தான் உங்க பேரச் சொல்லியிருந்தாரே. மேத்யூ மொதல்ல வர மாட்டேன்னுதான் சொன்னாரு. பேப்பர் ஆபீஸ்லேருந்து வர்றீங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரு. இல்ல, மேடம்தான் அனுப்பினாங்கன்னதும் சட்டைய மாட்டிக்கிட்டு ஏறிட்டாரு. ஒரு வாரத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் அவரு மொகத்துல தெளிச்சியே பாத்தேன்."

இன்னாசிமேரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். வலைக் குவியல் மேல் பாய், பாய் மேல் அடுக்கி வைத்த பேப்பர்கள். போனும் இல்லை, பையும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, நல்ல இடத்துக்குப் போகிறவனாகத்தான் கிளம்பியிருக்கிறான்.

"எந்தப் பக்கம் போச்சு வண்டி?"

"மரக்காணம் பக்கம். வெள்ள வண்டி." முருகையனின் சிரிப்பு மெல்ல மறைந்தது. "ஏன் மேடம்? உங்க ஆளுங்கதானே?"

"டேய் அதீப், கண்ட்ரோல் ரூமுக்குப் போடு. ஆள் கடத்தல்னு சொல்லு. மரக்காணம் செக்போஸ்ட்ல நிறுத்தச் சொல்லு. உப்பளத்துப் பக்கம் எறங்குற எந்த ரோட்டையும் விடாதன்னு சொல்லு!"

அதீப் போனைக் காதில் வைத்தபடியே வண்டிக்கு ஓடினான். அவளும் ஓடினாள். கதவைத் திறக்கும்போது அவள் போன் அடித்தது. சில்வியா.

எடுக்காமல் இருக்க மனம் வரவில்லை.

"அக்கா!" சில்வியாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். "அவரு போன் பண்ணாருக்கா! உங்க ஆளுங்களோட வண்டில வந்துட்டு இருக்காராம். அவங்க போன்லேருந்தே பேசினாரு. எப்படிக்கா நன்றி சொல்றதுன்னே தெரியல. சாதம் வடிச்சிட்டேன். எஸ்.பி. ஆபீஸ் போயிட்டு நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க. நீங்களும் சாப்ட்டுத்தான் போவணும்."

இன்னாசிமேரி எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் சேதி சொல்லப் போயிருக்கிறாள். ஒரு தடவைகூட இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"சில்வியா... நான் யாரையும் அனுப்பலம்மா."

"இன்னாக்கா?"

"அவங்க என் ஆளுங்க இல்ல. சடகோபன் ஆளுங்க. அதீப் போலீசுக்குப் பேசிட்டு இருக்கான், நாங்க பின்னாடியே போறோம், எப்படியாவது..."

பாத்திரச் சத்தம் நின்றது. சில்வியா அழுவாள், கத்துவாள் என்று இன்னாசிமேரி காத்திருந்தாள். அவள் அழவில்லை. புரியாத கணக்கைத் திரும்பக் கேட்கும் குழந்தையின் குரலில் கேட்டாள்.

"அவரு எங்க இருக்காருன்னு எனக்கே தெரியாதேக்கா. அவங்களுக்கு யாரு சொன்னது?"

அதீப் வண்டியைக் கிளப்பிவிட்டான். மணல் பறந்தது. பொய் சொல்ல நேரமும் இருந்தது, வழியும் இருந்தது.

"நான்தாம்மா," என்றாள் இன்னாசிமேரி.